மானமும் மறுமையும்: ‘ஹெல் யே!’ என்னும் வீடியோ விளையாட்டு பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

1

இறந்தோர் சென்றடையும் உலகு பற்றிய கற்பனை மனித குலத்தின் மிகப் பழைய கற்பனைகளுள் ஒன்றாகும். இக்கற்பனை கலைவடிவம் பெற்றபோது அது இரு திசைகளிற் சென்றுள்ளமையைக் காணலாம். ஒன்று அச்சத்தின்பாற்பட்டது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே படைத்த நரகம் இதற்குச் சிறந்த சான்று. ஒவ்வொரு பாவத்துக்கும் அதன் இயல்புக்கு ஏற்ற தண்டனை அங்கு விதிக்கப்படுகின்றது. மற்றையது நகையின்பாற்பட்டது. கி.மு. 405இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய அரிஸ்ரோபனீசின் ‘தவளைகள்’ என்னும் நாடகம் இவ்வகையினது. அதில் தியோனிசஸ் தெய்வம் ஹெராக்கிளீசின் சிங்கத்தோலைப் போர்த்துக்கொண்டு பாதாள உலகுக்குப் புறப்படுகின்றது. ஏரியைக் கடக்கையில் தானே துடுப்பு வலிக்க நேர்ந்து, தவளைகளின் பாட்டுக்கு ஈடுகொடுக்க மாட்டாது திண்டாடுகின்றது. முதல்வகைப் படைப்பு இறப்பினை நீதியோடு தொடர்புபடுத்துகின்றது. இரண்டாம் வகைப் படைப்பு உயிருள்ளோரின் அற்பத்தனங்களை இறந்தோருலகிற் கொண்டுபோய் வைத்து அவற்றின் உண்மையான அளவினை நமக்குக் காட்டுகின்றது.

இவ்விரண்டாம் மரபிலே 2012ஆம் ஆண்டில் வந்துசேர்ந்த ஒரு படைப்பினையே நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். பாரிஸ் நகரில் இயங்கிய ‘ஆர்க்கேடோ’ என்னும் சிறு நிறுவனம் உருவாக்கி, யப்பானிய ‘சேகா’ நிறுவனம் வெளியிட்ட ‘ஹெல் யே! ராத் ஒவ் த டெட் ரபிட்’ என்பதே அது. இறந்த முயலின் வெகுளி என்பது துணைத்தலைப்பின் பொருள். நரகத்தின் இளவரசனான ஒரு முயல் இதன் தலைவன்.

வீடியோ விளையாட்டொன்று திறனாய்வுக்குரிய பொருளாகுமா என்னும் வினா எழலாம். கூத்தும் நாவலும் திரைப்படமும் தத்தம் காலங்களில் இதே வினாவினை எதிர்கொண்டன. ஒரு கலைவடிவத்தின் தகுதி அதன் பிறப்பினாலன்று, அது மனித அனுபவத்தை எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றது என்பதனாலேயே தீர்மானிக்கப்படவேண்டும். அதுமட்டுமன்று. இளந்தலைமுறையினர் பலர் இறப்பு என்பதனை முதன்முதலாகச் செய்து பார்ப்பது இத்தகைய விளையாட்டுக்களிலேதான். அவர்கள் அங்கு நூறுமுறை இறக்கின்றனர், ஆயிரமுறை கொல்லுகின்றனர். அச்செயல்களுக்கு அங்கு என்ன பொருள் கற்பிக்கப்படுகின்றது என ஆராய்வது இலக்கிய மாணவரின் கடமைக்குப் புறம்பானதன்று.

2

படைப்பினை நோக்குவதற்கு முன்னர் அது சார்ந்த வகைமையினைச் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகும். ‘பிளாட்போம்’ எனப்படும் தளந்தாவும் விளையாட்டில் ஆடுபவர் ஓர் உருவத்தை இயக்கித் தளத்துக்குத் தளம் தாவச் செய்து, இடையூறுகளைக் கடந்து இலக்கினை அடையவேண்டும். 1981இல் நின்ரென்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டொங்கி கோங்’ இவ்வகைக்கு வழிகாட்டியது. 1985இல் வந்த ‘சுப்பர் மரியோ புரோஸ்’ அதன் இலக்கணத்தை நிலைநாட்டியது.

இவ்வகைமையின் அடிப்படை அலகு ‘உயிர்’ என்பதாகும். நாணயமிட்டு ஆடும் இயந்திரங்களின் காலத்தில் ஒரு நாணயத்துக்கு இத்தனை உயிர்கள் எனக் கணக்கிருந்தது. உயிர் என்னும் சொல் அங்கு ஒரு வாணிக அலகாகவே வழங்கிற்று. உயிர் தீர்ந்தால் இன்னொரு நாணயம் இடவேண்டும். விளையாட்டு வீட்டுக்குள் வந்தபின்னர் நாணயம் மறைந்தது, ஆயின் உயிர்க்கணக்கு நெடுங்காலம் எஞ்சி நின்றது. பின்னர் அதுவும் தளர்ந்தது. 2010இல் வெளிவந்த ‘சுப்பர் மீற் போய்’ என்னும் படைப்பில் தலைவன் இறந்த கணமே மீண்டும் தோன்றுகின்றான். கட்டமொன்றை முடித்ததும் அதில் அவன் மேற்கொண்ட முயற்சிகள் யாவும் ஒரே திரையில் ஒருங்கே ஓடிக் காட்டப்படுகின்றன. இறப்பு என்பது இங்கு தவறு என்பதன் மறுபெயராகிவிட்டது.

ஆகவே தளந்தாவும் விளையாட்டில் இறப்பு நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது. எனினும் இறப்புக்குரிய எதுவும் அதிலே இல்லை. இழப்பில்லை, மீளாமையில்லை, பிரிவில்லை. இத்தகைய வகைமையில் ஒருவர் மறுமையுலகினைக் களமாகத் தேர்ந்தெடுப்பாராயின், அவர் அறிந்தோ அறியாமலோ அவ்வகைமையின் மறைபொருளை வெளியிற் கொணர்ந்துவிடுகின்றார். இறக்க முடியாதவர்கள் வாழும் இடம் நரகம். தளந்தாவும் விளையாட்டின் தலைவர்கள் அனைவரும் தொடக்கம் முதலே அங்குதான் வாழ்ந்து வந்துள்ளனர் எனலாம். ‘ஹெல் யே!’ இவ்வுண்மையினை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகின்றது. அதன் தலைவன் ஏலவே இறந்தவன், எலும்புருவினன்.

3

கதையினைச் சுருங்கக் கூறுவோம். ஆஷ் என்னும் முயல் நரகத்தின் இளவரசன். தந்தையின் மறைவின் பின்னர் ஆட்சி அவனிடம் வந்திருக்கின்றது. அவன் குளியற்றொட்டியில் இறப்பர் வாத்தொன்றுடன் கொஞ்சி விளையாடும் காட்சியை மறைந்திருந்து படம்பிடிப்பவனொருவன் எடுத்து, நரகத்தின் இணையவெளியிலே பரப்பிவிடுகின்றான். நூறு பேர் அதனைப் பார்த்துவிடுகின்றனர். அந்நூறு பேரையும் தேடிக் கொல்வதே இளவரசன் மேற்கொள்ளும் பணியாகும். இரம்பப் பற்களையுடைய சக்கரமொன்றில் ஏறி, பாறைகளைத் துளைத்தும் காற்றில் எழும்பியும் அவன் நரகத்தின் பல பகுதிகளுக்கும் செல்கின்றான்.

ஆட்டத்தின் ஒழுங்கு பின்வருமாறு அமைகின்றது. நூறு அரக்கருள் ஒவ்வொருவனுக்கும் தனித்த உருவமும் பெயரும் சிறு வாழ்க்கைக் குறிப்பும் உண்டு. அரக்கனது வலு குறைந்ததும் சிலகணங்களே நீடிக்கும் ஒரு சிற்றாட்டம் தோன்றும். திரையில் இடப்படும் கட்டளையை உடனே புரிந்துகொண்டு செயற்படவேண்டும். வென்றால் மிகைப்பட்ட, அபத்தமான முறையில் அவ்வரக்கன் அழிகின்றான். தவறினால் இழப்பு முயலுக்கே. குறித்த தொகையினர் அழிந்தபின்னரே அடுத்த பகுதியின் வாயில் திறக்கும். அழிந்தோரின் கதை அத்துடன் முடிவதுமில்லை. அவர்கள் ஒரு தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே இளவரசனுக்குப் பயன்தரும் பொருள்களை ஈட்டும் வேலையில் அமர்த்தப்படுகின்றனர்.

இங்கு மூன்று அம்சங்கள் நமது கவனத்துக்குரியன. வெகுளிக்குக் காரணமாக அமைந்தது ஒரு காட்சி என்பது முதலாவது. பகைவர் செய்த குற்றம் பார்த்தமை மாத்திரமே என்பது இரண்டாவது. இறந்தோர் உலகிலே கொல்லப்படுதல் என்பது கட்டாய உழைப்பாக உருமாறுகின்றது என்பது மூன்றாவது. இம்மூன்றினையும் தனித்தனியே நோக்குவோம்.

4

குளிக்கையிற் காணப்பட்டமை, கண்டவரை அழித்தல் என்னும் இக்கருப்பொருள் புதியதன்று. உரோமக் கவிஞர் ஓவிட் தமது ‘உருமாற்றங்கள்’ என்னும் காப்பியத்திற் கூறும் அக்ரியோனின் கதை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. வேட்டைக்குச் சென்ற அக்ரியோன் காட்டில் வழிதவறிச் சென்று, தயானா தேவி நீராடுவதைக் காண நேரிடுகின்றது. தேவி அவன்மீது நீரைத் தெளிக்க அவன் மானாகின்றான். அவனது வேட்டைநாய்களே அவனை இன்னானென அறியாது கடித்துக் குதறுகின்றன. அக்கதையின் முடிவிலே ஓவிட் ஒரு நுட்பமான குறிப்பினைத் தருகின்றார். தேவியின் செயல் நீதியின் எல்லையை மீறிய கொடுமை எனச் சிலரும், அவளது தூய்மைக்கு ஏற்றதே எனச் சிலரும் இருவேறாகக் கருதினர் என்பதே அது. தண்டனையைச் சொல்லி முடித்த கவிஞர் அது தகுமா என்ற வினாவினைக் கேட்போர் மன்றில் வைத்துவிடுகின்றார்.

‘ஹெல் யே!’ இப்பழங்கதையின் உறுப்புக்கள் யாவற்றையும் இடம்மாற்றி வைத்துள்ளது. குளிப்பது தேவியன்று, ஒரு விலங்கு. பார்த்தவன் ஒருவனல்லன், நூறு பேர். அவர்கள் நேரிற் கண்டவர்களுமல்லர், படத்திற் கண்டவர்கள். படத்திற் கண்டவரைக் கொல்வதனாற் படம் அழிந்துபோவதில்லை. இளவரசனின் பணி தொடக்கத்திலேயே பயனற்றதாகிவிடுவதன் காரணம் இதுவேயாகும். சாட்சிகளை அழித்துச் சாட்சியத்தை அழிக்கலாமென நம்பும் பழைய அரச குலத்தவன் ஒருவன், பிரதிகளின் யுகத்திலே அகப்பட்டுக்கொண்டுள்ளான். இம்முரண்பாடே இப்படைப்பின் நகைச்சுவைக்கு ஆழம் தருவது.

இவ்விடத்து நாண் என்னும் கருத்தினைச் சற்று ஆராய்தல் பொருந்தும். வள்ளுவர் நாணுடைமையைத் தனியொரு அதிகாரமாக வகுத்தபோது, தகாத செயல்களின் காரணமாக எழும் நாணத்தையே சிறப்பித்துப் பேசுகின்றார். அந்நாணம் அகத்தே நின்று செயலைத் தடுப்பது. பிறருக்கு வரும் பழியையும் தமக்கு வரும் பழியாகக் கருதுவோரை அது உருவாக்குகின்றது. ஆஷின் நாணம் இதற்கு நேர்மாறானது. வாத்துடன் விளையாடியமை தகாத செயலன்று, யாருக்கும் தீங்கற்றது. அவன் வெட்குவது செய்ததற்காகவன்று, காணப்பட்டமைக்காகவே. நூறு கொலைகளைச் செய்கையில் அவனுக்கு நாணம் பிறப்பதில்லை. ஒரு வாத்துக்காக நாணுபவன் நூறு கொலைக்காக நாணாதிருக்கின்றான் என்னும் இத்தலைகீழ் நிலையே படைப்பின் மையம் என நாம் கருதுகின்றோம்.

இது கற்பனை நரகத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. மறைந்திருந்து படம்பிடிப்போரைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் ‘பப்பராற்சி’ என்ற சொல், ஃபெலினி 1960இல் வெளியிட்ட ‘லா டொல்சே வீற்றா’ திரைப்படத்தின் பாத்திரமொன்றின் பெயரிலிருந்து பிறந்தது. பிரான்சிலே தனிவாழ்வு மதிக்கப்படுதல் ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை என 1970 யூலை 17ஆம் திகதிய சட்டம் குடியியற் சட்டக்கோவையின் 9ஆம் உறுப்புரையிற் பொறித்தது. ‘ஹெல் யே!’ வெளிவந்த அதே 2012 செப்டெம்பர் மாதத்தில், பிரித்தானிய அரச குடும்பத்தைச் சேர்ந்த இளம் பெண்ணொருவரின் தனிமையிற் பிடிக்கப்பட்ட படங்களைப் பிரெஞ்சுச் சஞ்சிகையொன்று வெளியிட்டமையும், நான்தேர் நீதிமன்றம் அதற்கெதிராகக் கட்டளை பிறப்பித்தமையும் நிகழ்ந்தன. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும், அரச குலத்தவரின் மறைவிடம், படம்பிடிப்பவனின் கருவி, பார்ப்பவரின் ஆவல் ஆகிய மூன்றும் மோதும் சமூகச் சூழலிலிருந்தே இக்கதை முளைத்தது என்பதனை அது தெளிவாக்குகின்றது.

5

இனி நகையின் இயல்பினை நோக்குவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களையும், வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கினையும் வகுத்தார். வேற்றுநாட்டுப் புதுக்கலையொன்றுக்கு இவ்வளவுகோலைப் பொருத்துவது மிகையெனச் சிலர் கருதலாம். ஆயின் துணைத்தலைப்பிலேயே வெகுளியைப் பறைசாற்றும் ஒரு படைப்பினை வெகுளியின் நிலைக்களன் கொண்டு அளப்பதில் தவறில்லை.

ஆஷின் உறுப்பை எவரும் அறுக்கவில்லை. அவனது குடிக்கு எவரும் ஊறு செய்யவில்லை. கொலை நிகழவில்லை. அலை என்பது வைதலும் அடித்தலும் எனக் கொள்ளப்படினும், அவனை வைதவரோ அடித்தவரோ இலர். அவனுக்கு நேர்ந்தது எள்ளல். அதுவும் அவன் தானே ஐயுற்று அஞ்சிய எள்ளல். அஃது நகைக்குரிய நிலைக்களனேயன்றி வெகுளிக்குரியதன்று. நகைக்குரிய காரணத்தினை வெகுளிக்குரிய இடத்தில் வைத்தமையே இப்படைப்பின் நகைச்சுவைக் கட்டமைப்பு ஆகும். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலான இப்பொருத்தமின்மை எவ்வளவுக்கு விரிகின்றதோ அவ்வளவுக்கு ஆடுபவர் நகைக்கின்றார்.

உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இருவகைப்படுத்துவார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. இவ்விரண்டாவது நகையே நாகரிகத்தின் உயர்ந்த அடையாளம் என்று சொல்லத் தோன்றுகின்றது. ஆஷிடம் இல்லாதது அதுவே. தன்னைக் கண்டு தானே ஒருமுறை சிரித்திருப்பானாயின் கதையே நிகழ்ந்திராது.

பாரிசின் கலைமரபில் இவ்விளையாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1858 ஒக்டோபர் 21ஆம் திகதி அந்நகரில் அரங்கேறிய ஒஃபன்பாக்கின் ‘பாதாளத்தில் ஓர்ஃபியஸ்’ என்னும் நகை இசைநாடகமே அது. பழங்கதையில் மனைவியின்மீது கொண்ட காதலால் இறந்தோருலகு செல்லும் ஓர்ஃபியஸ், ஒஃபன்பாக்கின் நாடகத்தில் மனைவி தொலைந்தமைக்கு மகிழ்கின்றான். அவனை வலிந்து பாதாளத்துக்கு அனுப்புவது ‘பொதுசன அபிப்பிராயம்’ என்னும் பெயர்கொண்ட பாத்திரம். தேவர்களின் தலைவனான யுப்பிற்றர் ஈயுருவம் கொண்டு சாவித்துவாரத்தின் வழியே நுழைகின்றான். இங்கும் விலங்குருவம், பாதாளம், உயர்குடியினரின் அற்பத்தனம் ஆகியன ஒருங்கே நிற்கின்றன.

இருபடைப்புக்களுக்கும் இடையிலான வேறுபாடு வரலாற்று முக்கியத்துவமுடையது. 1858இல் பொதுசன அபிப்பிராயம் ஒரு பாத்திரமாக மேடையில் வந்து நின்றது; அதனுடன் பேசலாம், அதற்கு அஞ்சலாம், அதனை ஏமாற்றலாம். 2012இல் அதற்கு முகமில்லை. அது நூறு என்னும் ஒரு தொகையாகவே முதலில் அறிவிக்கப்படுகின்றது. அவதூறு எண்ணிக்கையாகிவிட்ட காலத்தின் குரல் இது. அன்றியும், நூறு என்பது மிகச் சிறிய தொகை. இணையவெளியில் ஒரு படம் எத்துணைப் பேரைச் சென்றடையும் என்பதனை அறிந்த எவருக்கும் அத்தொகை நகைப்பூட்டும். எனினும் மானம் போயிற்றெனக் கருதுபவனுக்கு நூறும் நூறாயிரமும் ஒன்றேயாம். நாணத்துக்குக் கணக்கில்லை என்னும் உளவியல் உண்மையினை அச்சிறு தொகை நயம்பட உணர்த்துகின்றது.

6

உள்ளடக்கத்தினை இவ்வாறு நோக்கிய நாம் உருவத்துக்கு வருவோம். வீடியோ விளையாட்டின் உருவம் என்பது அதன் ஓவியமும் இசையும் மாத்திரமன்று. ஆடுபவர் எதனைச் செய்யுமாறு பணிக்கப்படுகின்றார் என்பதே அதன் தலையாய உருவக் கூறாகும்.

‘ஹெல் யே!’யின் மிகச் சிறந்த உருவக் கண்டுபிடிப்பு அதன் நூறு அரக்கருக்கும் பெயரிட்டமையாகும். வழக்கமான தளந்தாவும் விளையாட்டில் எதிரி அச்சுப் பொம்மையேயாவான். அவனது தோற்றமே நூறிடங்களில் மீண்டும் வரும். ஆகவே அவனை அழிப்பதில் ஆடுபவருக்கு எவ்வித உறுத்தலும் இராது. இங்கு எதிரியின் பெயர் திரையில் தோன்றுகின்றது. அவனுக்கு ஒரு வாழ்வு இருந்தமை குறிப்பிற் சொல்லப்படுகின்றது. தொகையாக அறிவிக்கப்பட்ட நூறு, ஒவ்வொன்றாக ஆளாக மாறுகின்றது. சூதாட்ட விடுதியாகவும் இனிப்புநிற உலகாகவும் மாறிமாறி வரும் நரகத்தின் பகுதிகளில், கையால் வரைந்தாற்போன்ற செறிந்த வண்ணங்களினூடாக, ஒருவரைப்போல் ஒருவர் இல்லாத நூறு பேரைச் சந்திப்பது உள்ளபடியே மகிழ்ச்சி தரும் அனுபவம்.

ஆயின் இக்கண்டுபிடிப்பினை ஆக்கியோர் அதன் எல்லைவரை கொண்டுசென்றாரல்லர். பெயர் கொடுக்கப்படுவது கொலையைத் தடுப்பதற்கோ தாமதப்படுத்துவதற்கோ அன்று, அதனைச் சுவையுடையதாக்குவதற்கே. முதலாம் அரக்கனை அழித்தபோது இருந்த மனநிலையே நூறாவது அரக்கனிடத்தும் வேண்டப்படுகின்றது. சிற்றாட்டங்களின் புதுமையும் இடைவழியிலே தேய்கின்றது; முன்னர் கண்டவையே மீண்டும் வருகின்றன. வெகுளி வளர்வதுமில்லை, தணிவதுமில்லை, திரும்பித் தன்னைத் தானே பார்ப்பதுமில்லை. உள்ளடக்கம் எழுப்பிய வினாவுக்கு உருவம் விடைகூற மறுத்துவிட்டது எனலாம். ஓவிட் ஒரு சில அடிகளிற் செய்ததனை, அதாவது ‘இது தகுமா?’ என ஒரு கணம் நிறுத்துவதனை, இந்நெடிய ஆட்டம் செய்யத் தவறிவிட்டது.

இதனை உணர்த்த ‘சேகா’ நிறுவனத்தின் இன்னொரு விலங்குத் தலைவனை ஒப்பிடுவது பயன்தரும். 1991இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘சொனிக்’ விளையாட்டின் முள்ளெலி, தன்னைச் சக்கரமாகச் சுருட்டிக்கொண்டு எதிரிகளை மோதுகின்றது. ஆயின் மோதப்படுவன இயந்திரங்கள். அவை உடைந்ததும் உள்ளே சிறைப்பட்டிருந்த சிறு பிராணிகள் விடுதலை பெற்றுத் துள்ளியோடுகின்றன. அவற்றுள் முயலும் ஒன்று. அதே தாக்குதற் செயல் அங்கு விடுவித்தலாகப் பொருள் பெற்றது. இருபத்தொரு ஆண்டுகளின் பின்னர், அதே நிறுவனத்தின் பெயரால் வந்த முயல், சக்கரத்திலேறி வந்து பிறரைத் தீவுச் சிறைக்கு அனுப்புகின்றது. விடுவிக்கப்பட்ட பிராணி சிறைப்படுத்தும் அரசனாகிவிட்ட இம்மாற்றத்தினை ஆக்கியோர் திட்டமிட்டனர் என்று கூற நமக்குச் சான்றில்லை. எனினும் இருபடைப்புக்களையும் அருகருகே வைத்து நோக்கும் எவருக்கும் அது புலனாகும்.

அத்தீவு பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். தாந்தேயின் நரகிலே தண்டனை பாவத்துக்குரியது. ஆஷின் நரகிலே பாவமுமில்லை, நியாயத்தீர்ப்புமில்லை. அரசும் வதந்தியும் வேடிக்கையுமே உள. அத்தகைய நரகத்திலே தண்டனையை மீண்டும் புகுத்துவது அத்தீவேயாகும். அங்கு தண்டிக்கப்படும் குற்றம் ஒன்றே ஒன்று: அரசனின் மறைவைக் கண்டமை. தண்டனையின் பயனும் அரசனுக்கே போய்ச் சேருகின்றது. தன்மானம் என்பது ஆள்வோனிடத்து எவ்வாறு பிறர் உழைப்பை உறிஞ்சும் உரிமையாக மாறுகின்றது என்பதற்கு இதனினும் கூர்மையான உருவகம் காண்பது அரிது. படைப்பிலே அது வசதி தரும் ஓர் உபகரணமாகவே வந்துபோவது கவலைக்குரியது.

7

இறப்புக்குக் கனம் கொடுப்பது இவ்வகைமைக்கு இயலாததொன்று எனக் கூறி ‘ஹெல் யே!’யினைக் காப்பாற்ற முயல்வோர் உளர். அதன் பின்னர் வந்த இரு படைப்புக்கள் அக்கூற்றினை மறுக்கின்றன. 2014இல் வெளிவந்த ‘நெவர் அலோன்’, அலாஸ்காவின் இனுப்பியாக் மக்களுடைய கதைமரபினை அடியொற்றி, அம்மக்களின் பங்களிப்புடன் உருவானது. அதிலே சிறுமியொருத்திக்குத் துணையாக வரும் வெள்ளை நரி நடுவழியிற் கொல்லப்படுகின்றது. அது ஆவியுருவில் மீண்டும் வந்து துணைநிற்கின்றதெனினும் முன்னைய நரியாக அது மீள்வதில்லை. இறப்பின் பின்னர் உறவு தொடர்கின்றது, ஆனால் மாறித் தொடர்கின்றது. 2020இல் கனடாவின் மொன்றியல் நகரத்து ‘தண்டர் லோட்டஸ்’ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பிரிற்ஃபேரர்’ இறந்தோரை ஏற்றிச்செல்லும் ஓடக்காரியின் கதை. அவளது படகில் ஏறும் ஆவிகள் விலங்குருவம் பெறுகின்றன. ஆடுபவர் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்து, வீடு கட்டிக் கொடுத்து, இறுதியில் மறுமையின் வாயிலுக்குக் கொண்டுசென்று விடைகொடுக்கவேண்டும். விடைபெற்றவர் மீளார், அவரிருந்த அறை படகில் வெறுமையாக நிற்கும். தளத்திலிருந்து தளத்துக்குத் தாவும் அதே கைப்பழக்கம் இங்கு இழப்பினை உணர்த்தும் வழியாகின்றது. ஆகவே குறை வகைமையினுடையதன்று.

அவ்வாறாயின் ‘ஹெல் யே!’ நமது கவனத்துக்கு ஏற்றதன்றா? அவ்வாறு முடிவு கூறுவது நியாயமாகாது. துயரத்தைக் கண்ணியமாகச் சித்திரிப்பது ஒரு பணி. வெட்கக்கேட்டினைத் துணிவுடன் நகைப்பது வேறொரு பணி. மேற்கூறிய இரு படைப்புக்களும் நாம் விரும்பும் இறப்பினைக் காட்டுகின்றன. ‘ஹெல் யே!’ நாம் வாழும் நரகத்தினைக் காட்டுகின்றது. பிறர் கண்ணிலே தன்னைத் தேடி, அங்கு காணும் உருவம் பிடிக்காதபோது அக்கண்ணைக் குத்த எழும் வெகுளி நமது காலத்தின் வெகுளியாகும். அதனை ஒரு முயலின்மீதும் ஒரு வாத்தின்மீதும் ஏற்றி நமக்குக் காட்டிய துணிவு பாராட்டுக்குரியது.

இறுதியாக ஒன்று. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அப்படம் ஆடுபவருக்குக் காட்டப்படுகின்றது. அதனைப் பார்த்து நாம் நகைத்த பின்னரே முயலை நம் கையில் எடுத்துக்கொள்கின்றோம். ஆகவே இளவரசனின் பட்டியலில் இடம்பெறாத நூற்றோராவது சாட்சி ஆடுபவரே. எள்ளி நகைத்தவரின் கையைக் கொண்டே எள்ளி நகைத்தவர்கள் அழிக்கப்படுகின்றனர். இவ்வுண்மையினை ஆட்டம் எங்காவது ஒரிடத்தில் நமக்கு உணர்த்தியிருக்குமாயின், பேராசிரியர் கூறிய அந்த இரண்டாவது நகை, தன்னைக் கண்டு தானே நகும் நகை, நம்மிடத்துப் பிறந்திருக்கும்.

‘ஆர்க்கேடோ’ நிறுவனம் 2013இல் தனது செயற்பாடுகளை நிறுத்திக்கொண்டது. 2007இல் ‘நேர்வஸ் பிரிக்டவுன்’, 2009இல் ‘பிக் பாங் மினி’ எனச் சிறிய கையடக்கக் கருவிகளுக்கு ஆட்டங்களைச் செய்துவந்த அக்குழுவினர், தமது பெரும்படைப்பினை வெளியிட்ட மறு ஆண்டே ஓய்ந்தனர். அப்படைப்பினைத் திருத்திச் செய்யும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து, அதாவது பெயர் பெற்ற எதிரியிடத்திலிருந்தும் தன்னையும் சாட்சியாகக் காணும் ஆடுபவரிடத்திலிருந்தும், நகையின்பாற்பட்ட மறுமைக் கலையினை முன்னெடுப்பது அடுத்து வருவோரின் பணியாகும். அத்தகைய படைப்பு தோன்றும்வரை இறந்த முயலின் வெகுளி, நிறைவுபெறாத ஆயினும் கவனிக்கத்தக்க ஒரு முயற்சியாக நிலைபெறும் என்பதே நமது முடிபு.